கூக்கம் சுடுற பேனக்கை என் பொண்ணுக்கு எப்படிக் கொண்டு போறது?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் திருச்சிப் பொண்ணு, கல்யாணம் ஆகி கனடாவுல வின்னிபெக்ல இருக்கேன். வீட்டுக்காரர் க்ரீ இனத்தவர், கனடாவோட பூர்வகுடி, அவங்க ஊரு மானிடோபா வடக்குல நார்வே ஹவுஸ். அவரோட பாட்டிய எல்லாரும் கூக்கம்னுதான் கூப்பிடுவோம், எண்பது வயசு தாண்டிருச்சு. அவங்க சுடுற பேனக் ரொட்டி மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல. ரெசிபி கேட்டா சிரிச்சிட்டு "பக்கத்துல நின்னு பாரு"ங்கிறாங்க. பாத்து எழுதிட்டு வந்து வீட்டுல செஞ்சா கல்லு மாதிரி வருது. என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, அவளுக்கு இது போய்ச் சேரணும்னு ஆசை. ஆனா நாத்தனார் ஒரு நாள் எல்லாரும் சாப்பிடும்போதே "இது நம்ம சாப்பாடே கிடையாது, வெள்ளைக்காரன் குடுத்த மாவு, சுகர் வந்ததே இதாலதான், பிள்ளைக்கு எதுக்கு சொல்லித் தரணும்"னுட்டாங்க. வெளியில இருந்து வந்த நான் இத எழுதி வைக்கிறது சரியா? வீடியோ எடுத்துப் போடலாமா? அப்புறம் பன்றிக்கொழுப்பு வாங்க எனக்கு மனசு வரல, பதிலா நெய் ஊத்தலாமா?
— பெயர் வேண்டாம், வின்னிபெக்

பதில்: அன்புத் தங்கச்சி, நீங்க எழுதினதுல அவசரமான விஷயம் ஒண்ணுதான், கூக்கத்துக்கு எண்பது தாண்டிருச்சு. மத்ததெல்லாம் மெதுவா பேசித் தீத்துக்கலாம். அதனால அடுத்த தடவ ஊருக்குப் போகும்போது கூக்கம் பக்கத்துல உங்க பொண்ண ஒரு ஸ்டூல் போட்டு ஏத்தி நிக்க வைங்க, அவ கைதான் அந்த மாவுக்குள்ள போகணும், நோட்டு பேனாவோட நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. "பக்கத்துல நின்னு பாரு"ன்னு கூக்கம் சொன்னத தட்டிக் கழிக்கிறாங்கன்னு எடுத்துக்காதீங்க. நான் பழகின க்ரீ குடும்பங்கள்ல பெரியவங்க சொல்லித் தர்ற விதமே அதுதான், வாயால விளக்கம் ரொம்ப கம்மி, சின்னது பக்கத்துல நின்னு பாக்கும், ஒரு நாள் அதுவா கைய வைக்கும், கோணலா தட்டினா கூட உடனே பிடுங்கித் திருத்த மாட்டாங்க. அவங்க உங்களுக்கு பாடம் எடுக்க ஆரம்பிச்சாச்சு, நீங்கதான் பேப்பர எதிர்பாத்துட்டு இருந்துட்டீங்க.

அளவு எழுதி வைக்கணும்னு நீங்க நினைக்கிறதுல தப்பே இல்ல, எனக்கும் அது வேணும்னுதான் தோணுது. ஆனா கப்பு ஸ்பூன குடுத்து "இதுல அளந்து போடுங்க"ன்னு கேட்டீங்கன்னா அவங்க கை தடுமாறிடும், அன்னிக்கு வர்றது அவங்க பேனக்காவே இருக்காது. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு எடுத்துட்டுப் போங்க. அவங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாவுப் பை, லார்ட் (பன்றிக்கொழுப்பு) பாக்கெட், பேக்கிங் பவுடர் டப்பா, உப்பு டப்பா, தண்ணி ஜக்குன்னு ஒவ்வொண்ணையும் எடை போட்டு எழுதிக்கங்க, செஞ்சு முடிச்ச பிறகு திரும்ப எடை போடுங்க, எவ்வளவு குறைஞ்சிருக்கோ அதுதான் அவங்க கை அளவு, பலகையில தூவின மாவு உட்பட. அவங்க எதையும் மாத்திச் செய்ய வேண்டியதில்ல, கவனிக்கக் கூட மாட்டாங்க. தகர மக்குல மொண்டு போடுறவங்களா இருந்தா அந்த மக்கு எவ்வளவு பிடிக்குதுன்னும் பாத்துக்கங்க, ஏன்னா சாதாரண கப்புலயே மாவ அள்ளுற விதத்துக்கு 120 கிராமும் வரும் 150 கிராமும் வரும். கோடையில ஒரு தடவ, குளிர்ல ஒரு தடவன்னு எடுங்க, ஹீட்டர் ஓடுற வீட்டுல மாவு காஞ்சு கிடக்கும், தண்ணி கூட கேக்கும். அவங்க அத யோசிக்காமலே சரிபண்ணிடுவாங்க, உங்களுக்கு எழுதி வச்சாத்தான் தெரியும்.

கல்லு மாதிரி வர்றதுக்கு காரணம் ரெண்டு மூணு இருக்கலாம், எனக்கு முதல் சந்தேகம் உங்க கை மேலதான், சப்பாத்திக்கு அழுத்திப் பிசைஞ்சு பழகின கை. பேனக்க பிசையவே கூடாது. கனடாவுல விக்கிற ஆல் பர்ப்பஸ் மாவுல புரதம் ஜாஸ்தி, பிசையப் பிசைய குளூட்டன் இறுகும், சப்பாத்திக்கு வேணா அது நல்லது, இங்க ரப்பர் மாதிரி ஆகி ஆறினதும் கெட்டியாயிடும். பொதுவா மானிடோபா வீடுகள்ல சுடுற கணக்கு சொல்றேன், கூக்கம் அளவு கையில கிடைக்கிற வரைக்கும் வச்சுக்கங்க. 3 கப் மாவு, 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டீஸ்பூன் உப்பு, கலந்துட்டு கால் கப் கொழுப்ப விரல் நுனியால தேச்சு விடணும், புட்டுமாவு பதம் வரணும், அங்கங்க பட்டாணி அளவு கட்டி இருந்தா இருக்கட்டும். நடுவுல குழி பண்ணி 1 கப்புல இருந்து ஒண்ணேகால் கப் வரைக்கும் தண்ணி, ஒரு ஃபோர்க்க வச்சு ஒண்ணு சேர்ற வரைக்கும் கிளறிட்டு நிறுத்திடணும். மாவு கையில கொஞ்சம் ஒட்டும், ஒட்டட்டும், ஒட்டாம இருக்கணும்னு மாவு மேல மாவு போட்டா அதுவும் கல்லுதான். முக்கால் இஞ்ச் தடிமனுக்கு தட்டி, ஃபோர்க்கால குத்தி விட்டு, 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல 25, 30 நிமிஷம், மேல பொன்னிறம் வந்ததும் எடுத்துடலாம். பேக்கிங் பவுடர் பழசா இருந்தாலும் உப்பாது, அரை ஸ்பூன் எடுத்து சுடுதண்ணி ஊத்துங்க, பொங்கினா சரி, சும்மா கிடந்தா அந்த டப்பாவ தூக்கிப் போடுங்க.

இப்ப நாத்தனார் சொன்னது. அவங்கள எதுத்துப் பேச வேணாம்மா, அவங்க சொன்னதுல உண்மை நிறைய இருக்கு, அந்தக் கோவத்துக்கும் காரணம் இருக்கு. பேனக்ங்கிற பேரே ஸ்காட்லாந்துல இருந்து வந்தது, அங்க அது ஓட்ஸ், பார்லி மாவுல சுடுற தட்டை ரொட்டி. 1670ல ஆரம்பிச்ச ஹட்சன் பே கம்பெனிக்கு ஸ்காட்லாந்துக்காரங்க, அதுலயும் ஆர்க்னி தீவு ஆளுங்க நிறைய பேர் வேலைக்கு வந்தாங்க, தோல் வியாபாரத்தோட மாவும் உள்ள வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் ஊரே அந்தக் கம்பெனியோட பெரிய டிப்போவா இருந்த இடம், யார்க் படகுன்னு சொல்ற சரக்குப் படகுல வர்றது அங்கதான் இறங்கி ஏறும், அரசாங்கம் பூர்வகுடிகளோட போட்ட அஞ்சாம் நம்பர் ஒப்பந்தம் 1875ல அங்கயும் கையெழுத்தாச்சு. தெக்க சமவெளிப் பக்கம் கதை இன்னும் கொடுமை. காட்டெருமைக் கூட்டம் 1880 வாக்குல கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு, ஜனங்க பட்டினியில கிடந்தாங்க, ரிசர்வுன்னு பூர்வகுடிகளுக்கு ஒதுக்கின நிலத்துக்குள்ள போய் அடங்கினாத்தான் ரேஷன்னு சொல்லி அரசாங்கம் சாப்பாட்டையே பிடிச்சு வச்சுது, கடைசியில குடுத்தது மாவும் உப்புப் பன்றியும்தான். அமெரிக்காவுல நவாஹோ பூர்வகுடி மக்களோட ஃப்ரை பிரெட், அதாவது எண்ணெயில பொரிச்ச ரொட்டி மேலயும் இதே சண்டை இருக்கு, 1864ல ராணுவம் அவங்கள நடத்தியே கூட்டிட்டுப் போய் போஸ்க் ரெடோண்டோவுல அடைச்சு வச்சு குடுத்த ரேஷன்ல பிறந்ததுன்னுதான் அதச் சொல்லுவாங்க, அதே ஃப்ரை பிரெட்ட சவுத் டகோட்டா 2005ல மாநிலத்தோட அதிகாரப்பூர்வ ரொட்டியா அறிவிச்சுது. அது வேணவே வேணாம்ங்கிற பூர்வகுடி சமையல்காரங்களும் இருக்காங்க, அது எங்க பாட்டிங்க எங்கள உயிரோட வச்சிருந்த ரொட்டின்னு சொல்றவங்களும் இருக்காங்க.

கோதுமை மாவு வர்றதுக்கு முன்னாடி பூர்வகுடிகளுக்கு ரொட்டியே கிடையாதுன்னும் இல்ல. மேற்குப் பக்கம் காமாஸ்ங்கிற ஒரு பூச்செடியோட கிழங்க குழி அடுப்புல ஒரு நாளுக்கு மேல வேக வச்சு, இடிச்சு, தட்டி, காய வச்சு வச்சுப்பாங்க, கிழக்க ஹோடனோஷோனி மக்கள் மக்காச்சோள மாவுல பீன்ஸ் போட்டு உருட்டி வேக வச்ச ரொட்டி செய்வாங்க, இன்னிக்கும் செய்றாங்க. அப்ப வெளியில இருந்து வந்த மாவ ஏற்கனவே ரொட்டி தட்டத் தெரிஞ்ச ஜனங்க நிறைய இடத்துல தங்கள் கைப்பழக்கத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க. என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, பொண்ணுகிட்ட பேனக்கையும் குடுங்க, இந்தக் கதையையும் சொல்லுங்க, அதுவும் கதைய நாத்தனார் வாயாலயே சொல்ல வைங்க. "அண்ணி, நீங்க அன்னிக்கு சொன்னத இவகிட்ட சொல்லுங்களேன்"னு கேளுங்க, அவங்க மறுக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன், தெரியாம போயிடக்கூடாதுன்னுதானே அவங்க கத்துறாங்க.

சுகர் விஷயம் லேசா எடுத்துக்க முடியாது, அதுவும் உங்க பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் அந்த பயம் இருக்கு, கனடாவுல க்ரீ மாதிரி ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்னு சொல்ற பூர்வகுடி மக்களுக்கும் நம்ம தெற்காசியா ஆளுங்களுக்கும் டைப் 2 சுகர் மத்தவங்கள விட அதிகம். ஆனா பேனக் ஒண்ணு மேல மட்டும் பழியப் போட முடியாது, வேட்டை நிலம் போச்சு, மீன் பிடிக்கிற ஏரி அணைக்கட்டு வந்து கெட்டுச்சு, வடக்குல கடையில ஒரு பழத்தோட விலைய பாத்தா நமக்கே தலை சுத்தும். தினம் சுடாதீங்க, எண்ணெயில பொரிக்கிறத விட ஓவன்ல சுடுங்க, மூஸ்ங்கிற பெரிய மான் கறி சூப்போ பிக்கரெல் மீனோ காட்டு புளூபெர்ரியோ வச்சு சாப்பிட்டா வெறும் ஜாம் தடவிச் சாப்பிடறத விட எவ்வளவோ மேல். கோதுமைய முழுசா அரைச்ச மாவு பாதி கலந்து உங்க அடுப்புல செஞ்சு பாருங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா அத கூக்கம் ரெசிபின்னு எழுதாதீங்க, அதுக்கு வேற பக்கம் ஒதுக்குங்க.

அளவ விட முக்கியமா எனக்குத் தோணுறது, கூக்கத்துக்கு இத யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டு எழுதி வைக்கிறது. மாவு கணக்கு எவ்வளவோ இடத்துல கிடைக்கும், அவங்க அம்மா வலை போடுற இடத்துல நெருப்பு மூட்டிச் சுட்டாங்களா, மாவுப் பையவே திறந்து வச்சு அதுக்குள்ளயே குழி பண்ணி தண்ணி ஊத்திப் பிசைஞ்சாங்களா, எந்த பெர்ரி, எந்த டீ, இதெல்லாம் அவங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. ஆனா இந்த இடத்துல ரொம்ப பதமா நடந்துக்கணும். அவங்க வயசு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. நார்வே ஹவுஸ்லயே ரெசிடென்ஷியல் ஸ்கூல், அதாவது பூர்வகுடிப் பிள்ளைங்கள தங்க வைக்கிற பள்ளிக்கூடம் இருந்துச்சு. நாடு முழுக்க 1,50,000 பிள்ளைங்களுக்கு மேல வீட்டுல இருந்து பிரிச்சுக் கொண்டு போனாங்க, தாய்மொழி பேசினா தண்டனை, 1990கள் வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடங்கள் இருந்துச்சு, இத விசாரிச்ச உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல கொடுத்த இறுதி அறிக்கையில இதெல்லாம் பதிவாயிருக்கு. பாட்டி பக்கத்துல நின்னு மாவு தொட வேண்டிய வயசுல எத்தனையோ பொண்ணுங்க அங்க இருந்தாங்க. கூக்கமும் அதுல ஒருத்தரான்னு முதல்ல வீட்டுக்காரர்கிட்ட தனியா கேட்டுக்கங்க. "சின்ன வயசுல எப்படி கத்துக்கிட்டீங்க"ன்னு நீங்க சாதாரணமா கேக்குற கேள்வி அவங்கள எங்கயோ கொண்டு போயிடலாம், பேச்ச நிறுத்தினா நீங்களும் நிறுத்திடுங்க, டீ போட்டுக் குடுத்துட்டு பக்கத்துல உக்காருங்க, அவங்களா தொடர்ந்தா கேளுங்க, இல்லன்னா அன்னிக்கு அவ்வளவுதான். பெரியவங்ககிட்ட இந்த மாதிரி விஷயம் கேக்கும்போது புகையிலை கொடுத்துக் கேக்குற வழக்கம் க்ரீ மக்கள்கிட்ட உண்டு, ஆனா சர்ச்சோட நெருக்கமா இருக்குற வீடுகள்ல அது இருக்காது, வீட்டுக்கு வீடு மாறும், அதையும் அவர்கிட்டயே கேட்டுக்கங்க.

வீட்டுக்காரர்னதும் ஞாபகம் வருது, உங்க லெட்டர்ல அவர் இந்த ரொட்டி பக்கமே வரலியே? பேனக் பொம்பளைங்க வேலைன்னு யாரும் ஒதுக்கி வச்சதில்ல, வேட்டைக்குப் போற ஆம்பளைங்க காட்டுல தாங்களே சுட்டு சாப்பிட்டு வளந்தவங்க. பச்சைக் குச்சியில மாவ பாம்பு மாதிரி சுத்தி தணல் மேல காட்டிச் சுடுறது ஒண்ணு இருக்கு, பிள்ளைங்களுக்கு அது உயிர், அத சொல்லிக் குடுக்குற பொறுப்ப அவர்கிட்ட விடுங்க. நாலு பேர் கையில இருந்தாத்தான் ஒருத்தருக்கு முடியலன்னாலும் நிக்கும்.

நீங்க வெளியாளான்னு கேட்டீங்க. கூக்கம் அடுப்புப் பக்கத்துல நின்னு பாக்கச் சொன்ன பிறகு அந்தக் கேள்விக்கு இடமே இல்லம்மா, அவங்க கொள்ளுப்பேத்தியோட அம்மா நீங்க, தாராளமா எழுதுங்க. நோட்டோட முதல் பக்கத்துல கூக்கம் பேரு, அவங்க அம்மா பேரு, ஊரு பேரு எழுதுங்க, பேனக்குக்கு அவங்க க்ரீயில என்ன சொல்றாங்களோ அத அவங்க வாயால சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, நோட்டுக்கு ஒரு காப்பி நாத்தனார் வீட்டுக்கும் போகணும். வீடியோவ பொறுத்த வரைக்கும் குடும்பத்துக்குள்ள வச்சுக்க எடுக்கலாம், அதுக்கும் அவங்ககிட்ட கேட்டுட்டு, வெளியில போடறதுக்கு தனியா இன்னொரு தடவ கேக்கணும், கூக்கம் சரின்னாலும் நாத்தனாருக்கும் மத்த பிள்ளைங்களுக்கும் சம்மதம் இருக்கணும். அவங்க முகத்தையும் வீட்டையும் ஊரெல்லாம் பாக்கும், அப்புறம் திரும்ப எடுக்க முடியாது. என்னக் கேட்டா போடவே வேணாம்னுதான் சொல்லுவேன், இவ்வளவு எடுத்துக்கிட்ட ஒரு ஜனத்துக்கிட்ட இருந்து இதையாவது வீட்டுக்குள்ளயே இருக்க விடலாம்னு எனக்கு ஒரு எண்ணம்.

கடைசியா நெய். தாராளமா போடலாம், லார்ட்லயும் நெய்யிலயும் தண்ணி கிடையாது, அதனால அதே கால் கப் போதும், ஃப்ரிட்ஜ்ல வச்சு இறுகின நெய்ய எடுத்து தேய்ங்க, உருக்கி ஊத்தினா அந்த உதிர் பதம் வராது. வெண்ணெய் போட்டீங்கன்னா அதுல ஆறுல ஒரு பங்கு தண்ணிதான், கொழுப்ப ஒரு ஸ்பூன் கூட்டி தண்ணிய கொஞ்சம் குறைக்கணும். வெஜிடபிள் ஷார்ட்டனிங்லயும் நிறைய க்ரீ வீடுகள்லயே சுடுறாங்க, கூக்கமே அதத்தான் போடுறாங்களோ என்னவோ, அடுத்த தடவ எடை போடும்போது பாக்கெட்ட கொஞ்சம் திருப்பிப் பாத்துடுங்க.