கிறிஸ்துவ அருட்பணி, மேம்பாட்டு வலையமைப்பு என்றால் என்ன? அது ஒரு சபையா, தொண்டு நிறுவனமா?

இரண்டும் இல்லை. பல நாடுகளின் சபைகளும் கிறிஸ்துவத் தொண்டு நிறுவனங்களும் தத்தம் தனித்தன்மையை விடாமல் கைகோத்துக்கொள்ளும் அமைப்பு அது. 1999-இல் தோன்றிய மீகா வலையமைப்பு நல்ல எடுத்துக்காட்டு.

நம் சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தோசைக் கடைக்கும் கோழிச்சோற்றுக் கடைக்கும் முதலாளி வேறு, பக்குவம் வேறு. மேசையும் துப்புரவும் பொது. வலையமைப்பிலும் கிணறு வெட்டுவது, பள்ளி நடத்துவது எல்லாம் உறுப்பு நிறுவனங்களின் வேலை. பயிற்சி, அனுபவப் பகிர்வு, ஏழைகளுக்காக அரசுகளிடம் குரல் கொடுப்பது ஆகியவை பொது வேலை.

இது ஏன் தேவைப்பட்டது? ஆன்மாவைக் கவனிப்பதா, பசியைக் கவனிப்பதா என்று, நற்செய்தி அறிவிப்பை முதன்மையாகக் கருதும் சுவிசேஷ சபைகளுக்குள் நெடுங்காலம் வாக்குவாதம் நடந்தது. 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அந்தச் சபைகள் கூடிய உலக மாநாட்டில், இரண்டையும் பிரிக்கவே கூடாது என்று ரெனே பாடிய்யா, சாமுவேல் எஸ்கோபார் என்ற லத்தீன் அமெரிக்கர்கள் வாதாடினார்கள். வறுமையை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்பதாலேயே அந்தச் சொல்லுக்கு எடை கூடியது என்பேன். 2001-இல் மீகா வலையமைப்பின் ஆக்ஸ்போர்டு பிரகடனம் இதை ‘முழுமையான அருட்பணி’ என்று வகுத்தது. சிங்கப்பூருக்கு இந்தப் பார்வை புதிதல்ல. 1885-இல் இங்கு வந்த மெதடிஸ்ட் ஊழியர் வில்லியம் ஓல்டம் பிரசங்கத்தோடு நிற்காமல் அடுத்த ஆண்டே ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார்.

மதம் மாறினால்தான் உதவி கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் செஞ்சிலுவை இயக்கத்தோடு லுத்தரன் உலகக் கூட்டமைப்பு போன்ற கிறிஸ்துவ அமைப்புகளும் சேர்ந்து 1994-இல் உருவாக்கிய பேரிடர் நிவாரண நடத்தை நெறி, தேவையை மட்டுமே பார்த்து உதவ வேண்டும் என்கிறது.