‘டெஃப்கான் 3’ என்று செய்தி வந்தால் மகனை ஊருக்கு அழைக்க வேண்டுமா?

கேள்வி: என் மகன் கத்தாரில், அமெரிக்க விமானப்படைத் தளத்தில் சமையல் ஒப்பந்தம் எடுத்திருக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். “அமெரிக்கா டெஃப்கான் 3-க்குப் போய்விட்டது, போர் உறுதி” என்று ஓர் இணையதளத்தின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லலாமா? – நாகர்கோவில் வாசகி

பதில்: அந்தப் படத்தை நம்பி வேலையை விடச் சொல்லாதீர்கள், அம்மா. டெஃப்கான் என்பது அமெரிக்கப் படைகளின் போர் ஆயத்த நிலையைக் குறிக்கும் எண். நடப்பு எண்ணை அமெரிக்க ராணுவம் வழக்கமாகப் பொதுமக்களுக்குச் சொல்வதில்லை. இணையத்தில் அன்றாடம் எண் போடும் தளங்கள் தனியார் நடத்துபவை. செய்திகளைப் பார்த்து அவர்களே ஊகித்துப் போடுகிறார்கள்.

அமெரிக்க முப்படைத் தளபதிகளின் கூட்டுக் குழு 1959-ல் வகுத்த இந்த முறையில் ஐந்து நிலைகள் உண்டு. 5 என்பது அமைதிக்கால நிலை. எண் குறையக் குறைய ஆயத்தம் கூடும். 1 என்றால் உடனடிப் போருக்கான முழு ஆயத்தம். மக்களுக்கு வரப்போகும் ஆபத்தை அளந்து சொல்வதற்காக இது உருவாக்கப்படவில்லை. எந்த அளவு தயாராக நிற்க வேண்டும் என்று படைகளுக்கு இடப்படும் உத்தரவு இது. உலகெங்கும் உள்ள எல்லாப் படைகளுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1976 ஆகஸ்ட் 18 அன்று கொரிய எல்லையில் பன்முன்ஜோமில், பார்வையை மறைத்த ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்டச் சென்ற குழுவை வடகொரிய வீரர்கள் தாக்கி, இரண்டு அமெரிக்க அதிகாரிகளைக் கொன்றபோது, கொரியாவில் இருந்த படைகள் 3-ம் நிலைக்கு உயர்த்தப்பட்டன. மூன்று நாள் கழித்து, பெரும் படைபலத்தின் காவலுடன் அந்த மரம் வெட்டப்பட்டது, போர் மூளவில்லை.

நிலை உயர்வது பல நேரங்களில் எதிரிக்கு விடுக்கும் செய்தியும்கூட. கியூபா ஏவுகணை நெருக்கடியில், 1962 அக்டோபர் 24 அன்று, அணுகுண்டு விமானங்களை வைத்திருந்த படைப்பிரிவு மட்டும் 2-ம் நிலைக்குச் சென்றது. மற்றப் படைகள் 3-ல் நின்றன. அப்போது அந்த அணுகுண்டு விமானப் படைப்பிரிவின் தளபதி தாமஸ் பவர் தம் படையினருக்கான செய்தியைச் சங்கேதம் ஏதுமின்றி, சோவியத் தரப்பும் கேட்கும்படி ஒலிபரப்பினார். 1973-ல் அரபு – இஸ்ரேல் போரின்போது, சோவியத் படை எகிப்துக்கு வரக்கூடும் என்ற அச்சத்தில், அக்டோபர் 24 நள்ளிரவை ஒட்டி வெள்ளை மாளிகையில் கூடிய அமைச்சர்களும் தளபதிகளும், அதிபர் நிக்சன் அந்தக் கூட்டத்தில் இல்லாமலேயே, 3-ம் நிலைக்கு உத்தரவிட்டார்கள். விடுப்பில் இருந்த வீரர்கள் திரும்ப அழைக்கப்பட்டதால் விடிவதற்குள் செய்தி கசிந்துவிட்டது. ஆனாலும் சோவியத் படை வரவில்லை; சில நாட்களில் நிலையும் தளர்த்தப்பட்டது. ஆகவே எண் உண்மையாகவே 3 ஆக இருந்தாலும், அதை வைத்துப் போர் உறுதி என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் மகனுடைய அன்றாடத்தைத் தொடுவது வேறொரு வரிசை. ராணுவத் தளங்களின் பாதுகாப்புக்கென்றே இயல்பு, ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்ற படிகள் இருக்கின்றன. படி ஏற ஏற வாயிலில் வாகனச் சோதனை நீளும், அடையாள அட்டைகள் மீண்டும் மீண்டும் பார்க்கப்படும், வெளியாட்கள் நிறுத்தப்படுவார்கள். தாக்குதல் நடந்துவிட்டாலோ, குறிப்பிட்ட இடத்துக்கு உடனடி ஆபத்து என்று உளவுத்தகவல் கிடைத்தாலோதான் டெல்டா. இந்த மாற்றம் வேலைக்குப் போகிறவர் கண்ணுக்கே தெரியும். ஆனால் அதை எழுதி அனுப்பும்படி மகனைக் கேட்காதீர்கள்; தளத்துக்குள் நடப்பதை வெளியே பகிர்ந்தால் அவர் வேலைக்கே கேடு வரலாம்.

வீட்டிலிருந்து நீங்கள் கவனிக்க வேண்டியவை தூதரக அறிவிப்புகளும் வான்வெளி நிலவரமும்தான். 2025 ஜூன் 11 அன்று பாக்தாத் தூதரகத்தில் அத்தியாவசியமற்ற ஊழியர்களை வெளியேறச் சொன்ன அமெரிக்கா, வளைகுடாப் பகுதியிலுள்ள தன் ராணுவக் குடும்பங்கள் விரும்பினால் புறப்படலாம் என்றும் அனுமதித்தது. ஈரான் மீது இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியது 13-ம் தேதி. 23-ம் தேதி, கத்தாரில் இருந்த தன் குடிமக்களை அமெரிக்கத் தூதரகம் உள்ளேயே இருக்கச் சொன்னது. கத்தார் வான்வெளியை மூடியது. அன்று மாலையே கத்தாரிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளமான அல் உதைத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. உயிரிழப்பு இல்லை. சொந்த ஊழியர்களின் குடும்பங்களை ஓர் அரசு வெளியே அனுப்பத் தொடங்குவதைத்தான் நான் முதல் அடையாளமாகக் கொள்வேன். அத்தகைய அறிவிப்பு கத்தாருக்கே வந்தால், விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் நிறுவனம் ஓடிப்போனதாகப் புகார் கொடுக்கக்கூடும். மறுபடி அங்கே வேலைக்குப் போவதே சிக்கலாகிவிடும்.

இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. தோஹாவிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சமூக ஊடகப் பக்கங்களையும் அவசர எண்ணையும் மகன் கைபேசியில் வைத்திருக்கட்டும். தாக்குதல் நடந்தால் எங்கே ஒதுங்குவது, யார் வண்டி அனுப்புவார்கள் என்று நிறுவன மேற்பார்வையாளரிடம் கேட்டு வைக்கட்டும். பாஸ்போர்ட் நிறுவனத்தின் பெட்டியில் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தொழிலாளி கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது கத்தார் சட்டம்.