குழந்தைக்கும் வீட்டாருக்கும் எங்கே உதவி? – வாசகர் கேள்வி பதில்

குழந்தை வளர்ச்சி, குடும்ப நலம், மனநலம் ஆகியவை பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரே கவலை தெரிகிறது: உதவி எங்கோ தொலைவில், பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்று குடும்பங்கள் நினைக்கின்றன, அந்த நினைப்பிலேயே மாதங்கள் கடந்துவிடுகின்றன.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. 'அம்மா', 'தா' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும்" என்கிறார் என் மாமியார். பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு தனியார் பயிற்சி மையம் கேட்கும் கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது. காத்திருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றவர்களைப் போலவே பேசும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை தானாகத் தேறும், எந்தக் குழந்தைக்குப் பயிற்சி தேவை என்பதை வீட்டில் இருந்தபடியே பிரித்தறிய யாராலும் முடியாது. பொதுவாக ஒரு வயதுக்குள் மழலை ஒலிகளும், வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுவதும் வந்துவிடும். ஒன்றரை வயதுக்குள் தனிச்சொற்களும், இரண்டு வயதில் 'பால் வேணும்', 'அப்பா வா' என இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் வர வேண்டும். உங்கள் கடிதத்தில் பேச்சுத் தாமதத்தை விட எனக்கு அதிகக் கவலை தருவது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்ற வரிதான்.

அதனால் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். பாத்திரம் விழுந்தால் திடுக்கிடுகிறான், ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெரிய ஓசைகள் கேட்டும் பேச்சொலிகள் தெளிவாகக் கேட்காத குழந்தைகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இச்சோதனையைச் செய்துகொள்ளலாம். ஒருவேளை கடுமையான செவித்திறன் குறைபாடு இருந்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி (ஒலியை மின்குறிப்பாக மாற்றிச் செவி நரம்புக்கு அனுப்புவது) பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கியுள்ளது. ஆறு வயது வரை அவகாசம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. மூளை பேச்சைப் பழகிக்கொள்ளும் ஆண்டுகள் அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடுவதால், எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.

காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டாம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும். இதற்கான நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருகிறது. அந்தக் குழு அனுப்பிவைக்கும் இடம்தான் மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி.' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பதே இம்மையத்தின் நோக்கம். மருத்துவக் குழு வரும் நாளுக்காகக் காத்திராமல், உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு நீங்களே செல்லலாம். ஆட்டிசமா வேறு ஏதாவதா என்று பெயர் முடிவாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெயர் தெரிய மாதங்கள் ஆகலாம்; பயிற்சியை உடனே தொடங்கலாம்.

வாரந்தோறும் பேருந்து ஏறி நகரத்துக்குப் போவது கூலி வேலை செய்யும் வீட்டுக்குச் சுமை என்பதை அறிவேன். எனவே முதல் சந்திப்பிலேயே, வீட்டில் செய்ய வேண்டியதை உங்களுக்குக் கற்றுத்தருமாறு பயிற்சியாளரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். வாரத்தில் அரை மணி நேரம் அவர் செய்வதை விட, குளிக்கவைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் நாள் முழுவதும் நீங்கள் செய்வதே குழந்தைக்கு அதிகம் போய்ச் சேரும். கைப்பேசியைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயது வரை திரைநேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. குறையுங்கள்; ஆனால் கைப்பேசி கொடுத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. எந்நேரமும் அழுகிறாள், தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்கிறாள். "நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும்" என்று நேற்றுச் சொன்னாள். காற்று, கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அம்மா, இந்தப் பதிலை வாசித்தவுடன் 14416 என்ற எண்ணை அழையுங்கள். நாள் முழுவதும் இயங்கும் இந்தத் தொலைபேசி மனநலச் சேவையில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 முதல் நடக்கிறது. நேற்று உங்கள் மகள் சொன்னதை அழுகையில் வந்த சொல் என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரைப் பார்க்கும் வரை அவரைத் தனியே விடாதீர்கள், அதையும் அவர் மனம் நோகாதபடி, துணைக்கு இருப்பதுபோல் செய்யுங்கள்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு; இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். இரண்டு மாதமாகியும் தணியாமல், தூக்கமும் பசியும் போய், குழந்தை மீது ஒட்டுதல் வராமல் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்; பெண்ணின் குணக்கேடும் அல்ல, தாய்ப்பாசக் குறைவும் அல்ல. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் அவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உள்ளன. குழந்தைக்குப் பால் கொடுப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிட்டால் அதற்கேற்பத் தேர்ந்தெடுத்துத் தருவார். யாரும் பேசாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை, தூக்கமே இல்லாத பரபரப்பு ஆகியவை தெரிந்தால் அது அவசர நிலை. இரவானாலும் 108-ஐ அழைத்து அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் அங்கே இருப்பார்கள்.

மந்திரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஒரு தங்குமிடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி 28 பேர் இறந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதன் பிறகு அதே ஏர்வாடி தர்காவில், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. உறவினர்களின் நம்பிக்கையோடு நீங்கள் சண்டையிட வேண்டாம். தொழுகையோ பூசையோ நடக்கட்டும், ஆனால் மருத்துவரைப் பார்ப்பது அதற்காக ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. மருமகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரும் மருத்துவர் வாயால் கேட்டால், நாளை மகள் புகுந்த வீடு திரும்பும்போது பேச்சுக்கு ஆளாக மாட்டார்.

கேள்வி: அங்கன்வாடி ஏழைகளுக்கானது தானே? மூன்று வயது மகளை ஆங்கிலப் பள்ளியின் பிளே ஸ்கூலில் சேர்க்க நினைக்கிறோம்.
– வாசகர், ஈரோடு

பதில்: அங்கன்வாடியில் சேர வருமான வரம்பு இல்லை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் அனைவருக்குமானது. சத்துமாவும் முட்டையும் மட்டுமே அங்கே கிடைப்பதாக நகரத்தில் பலர் எண்ணுகிறார்கள். குழந்தையின் எடையையும் உயரத்தையும் தொடர்ந்து குறித்து வளர்ச்சி அட்டையில் பதிவதும், தடுப்பூசிக்கு நினைவூட்டுவதும், தமிழில் கதை, பாட்டு, விளையாட்டு வழியே முன்பருவக் கல்வி தருவதும் அதன் வேலை. எல்லா மையங்களும் ஒரே தரத்தில் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையை எழுத வைக்காமல் விளையாட விடும் இடம் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். பிளே ஸ்கூலில் சேர்த்தாலும் அங்கன்வாடியில் எடை பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தையைக் குடித்துவிட்டு வரும் தந்தை அடிக்கிறார். தலையிட்டால் பகை வரும் என்று அஞ்சுகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் நிலைமையை விசாரிக்கும். புகார் என்றால் உடனே குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் தேவையற்றது. முடிந்தவரை குடும்பத்திலேயே பாதுகாப்பாக வைத்திருப்பதுதான் சட்டத்தின் நோக்கம். தாயும் அடி வாங்குகிறார் என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, மூளை முடக்குவாதம். தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி என் முதுகும் மனமும் ஓய்ந்துவிட்டன. சில நாள் அவன் மீது கோபம் வருகிறது, பிறகு அழுகிறேன். நான் கெட்ட தாயா?
– ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இல்லை. ஆறு ஆண்டுகளாக மாற்று ஆள் இல்லாமல் ஒருவரே செய்யும் வேலை உங்களுடையது. அதில் கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு. உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும், வாரத்தில் ஒரு பொழுதாவது குழந்தையை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்வர வேண்டும். அதை உதவியாகக் கேட்காதீர்கள், உரிமையாகக் கேளுங்கள்.

உங்கள் பக்கத்து மாவட்டமான தென்காசியின் ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. விபத்தில் உடல் செயலிழந்த அவர் ஊன்றிய அந்த அமைப்பு, பயிற்சி பெற்ற களப்பணியாளர்களைக் குழந்தையின் வீட்டுக்கே அனுப்பித் தாய்க்கும் கற்றுத்தரும் முறையைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. குழந்தையைத் தூக்கும் சரியான முறையை ஓர் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டாலே உங்கள் முதுகு வலி பாதி குறையும். ஒத்த நிலையில் உள்ள பிற தாய்மார்களையும் அங்கே சந்திக்கலாம். எந்த ஆலோசகர் சொல்வதையும் விட அவர்களுடைய ஒரு மணி நேரப் பேச்சு உங்களுக்குத் தெம்பு தரும் என்று நம்புகிறேன். பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இயங்கும் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்க அவர்கள் வர வேண்டும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், அதைக் கொண்டே மற்றவை நடக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தொடர் பயிற்சிக் கட்டணமும் அதில் சேரும். மனு எங்காவது தேங்கி நின்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நகலோடு நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.