மனசு இருந்தா போதாதா? எம்.எஸ்.டபிள்யூ பத்தி கேட்ட ஒரு அம்மாவுக்கு

அக்கா, நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். பொண்ணு பி.எஸ்சி முடிச்சுட்டு எம்.எஸ்.டபிள்யூதான் (சமூகப் பணில முதுகலைப் படிப்பு) சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, வீட்ல எல்லாரும் பி.எட் பண்ணச் சொல்றாங்க, "நாலு பேருக்கு உதவி பண்றதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு, மனசு இருந்தா போதாதா"ன்னு கேட்டிருக்கீங்க. வேலை சம்பளமெல்லாம் அப்புறம் சொல்றேன், முதல்ல இந்தக் கேள்விக்கு வரேன், ஏன்னா எங்கப்பாவும் இதையேதான் கேட்டார், அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஃபீல்ட் வொர்க்குக்கு குழந்தைகள் பாதுகாப்பு டீம் ஒண்ணுல போட்டாங்க. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098-க்கு ஒரு கால், பத்தாவது படிக்கிற பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம்னு. சீனியர் அக்காவும் நானும் போனோம். "யாரோ வேண்டாதவங்க கிளப்பி விட்டிருக்காங்க, அவ சின்னப் புள்ளைங்க"ன்னு அந்த அம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க. நானும் நம்பிட்டேன். அக்கா ஒண்ணும் பேசாம தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, "அண்டா புதுசா இருக்கே, எங்க எடுத்தீங்க"ன்னு பரணைக் காட்டி கேட்டாங்க. எவர்சில்வர் அண்டா, பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, தேதி எல்லாம் வெட்டியிருந்துச்சு. பத்து நிமிஷமா நானும் அந்தப் பரணைப் பாத்துட்டுதான் உக்காந்திருந்தேன், எனக்கு அது வெறும் பாத்திரம். (இப்பல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண்ணு முதல்ல பரணுக்குத்தான் போகுது, அது வேற கதை.)

அப்புறம் அப்பா வந்தார், "கல்யாணம்தான், ஆனா பதினெட்டு முடிஞ்சிருச்சு"ன்னு ஜாதகத்தை எடுத்து நீட்டினார். இங்க மனசும் உதவாது, சீனியரோட அனுபவமும் உதவாது, சட்டம் தெரிஞ்சிருக்கணும். வயசுல சந்தேகம் வந்தா எதை வெச்சு முடிவு பண்றதுன்னு 2015 சிறார் நீதிச் சட்டத்துல வரிசையே இருக்கு. முதல்ல ஸ்கூல்ல கொடுத்த பிறந்த தேதி சான்றோ பத்தாவது சர்டிபிகேட்டோ, அது இல்லாத பட்சத்துல கார்ப்பரேஷனோ முனிசிபாலிட்டியோ பஞ்சாயத்தோ கொடுத்த பர்த் சர்டிபிகேட், எதுவுமே இல்லைன்னாதான் எலும்பைப் பாத்து வயசு சொல்ற மெடிக்கல் டெஸ்ட். ஜாதகம் அந்த வரிசையிலயே கிடையாது. ஸ்கூல்ல போய்க் கேட்டோம், பொண்ணுக்குப் பதினாறு கூட முடியல.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. "கூட்டிட்டுப் போய் ஹோம்ல சேத்துரலாம்க்கா"ன்னேன். அக்கா சொன்னாங்க, நீ படிச்ச அதே சட்டம்தான் ஹோம்ல சேக்குறது கடைசி வழியா இருக்கணும்னும் சொல்லுது, உன் பரிச்சைக்குப் படிச்ச ஆராய்ச்சிங்களும் முடிஞ்ச வரைக்கும் குழந்தை குடும்பத்தோடயே வளரட்டும்னுதானே சொல்லுது, அதையெல்லாம் இப்ப எங்க வெச்சுட்டு வந்தேன்னு. அப்படியே முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

பொண்ணுகிட்ட அம்மா முன்னாடி கேட்டா "எனக்குச் சம்மதம்தான்". கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுல உக்காந்து மெதுவா பேசினதுக்கு அப்புறம்தான், "பரிச்சை எழுதிட்டுப் பண்ணிக்கிறேன்னேன், யாரும் கேக்கல"ன்னா. அம்மாவைத் தனியா கேட்டா, கம்பெனி வேன்ல காலைல அஞ்சு மணிக்குப் போனா ராத்திரி எட்டாயிடுது, வயசுக்கு வந்த பொண்ணை யாரு பாத்துக்கறதுங்கிறாங்க. கடன், வரதட்சணை, அது இதுன்னு நான் என்னென்னவோ நினைச்சிருந்தேன். விஷயம் பாதுகாப்பு. அது தெரிஞ்சதுக்கு அப்புறம் வழி தன்னால வந்துருச்சு: இந்த மாதிரி குழந்தைங்க விஷயத்துல முடிவு எடுக்குற குழந்தைகள் நலக் குழு முன்னாடி போய், பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கி, அரசு மாணவியர் விடுதில இடம் வாங்கி, அதே ஸ்கூல்ல பரிச்சை எழுத வெச்சது. கல்யாணத்தை மட்டும் நிறுத்திட்டு வந்திருந்தா, அடுத்த மாசம் வேற ஊர் கோயில்ல முடிச்சிருப்பாங்க.

இதுல இன்னொண்ணும் சொல்லணும். அந்த அப்பா கண்ணு சிவந்து, வார்த்தை குழறி வந்தார், அக்கா என் காதுல "குடி, நூத்துக்கு நூறு"ன்னாங்க, நானும் ரிப்போர்ட்ல எழுதிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது அவர் மில்லுல நைட் வாட்ச்மேன், தூக்கத்துல இருந்து எழுப்பிவிட்டிருக்கோம். அக்காதான் பேனாவை வாங்கி அந்த வரியை அடிச்சாங்க, "பாத்தது, கேட்டது, நாமளா நினைச்சது, மூணையும் தனித்தனியா எழுது"ன்னு. அண்டாவைக் கண்டுபிடிச்ச அதே அனுபவம்தான் அந்த மனுஷனைக் குடிகாரன் ஆக்குச்சு பாத்தீங்களா.

இதைத்தான் எம்.எஸ்.டபிள்யூல ரெண்டு வருஷமா சொல்லித் தர்றாங்க. மேரி ரிச்மண்ட்னு ஒரு அமெரிக்க அம்மா 1917-லயே, நேர்ல பாத்தது, மத்தவங்க சொன்னது, சூழ்நிலைய வெச்சு ஊகிச்சது, எது எவ்வளவு தாங்கும்னு தடிமனா ஒரு புஸ்தகமே எழுதிட்டாங்க. 2003-ல பிரிட்டன்ல வந்த ஒரு அறிக்கை, இந்த வேலைக்கு அறிவு வர்ற இடத்தை அஞ்சா பிரிச்சுது: ஆபீஸ் நடைமுறை, வேலை செய்றவங்க அனுபவம், உதவி வாங்குறவங்க வாயால சொல்றது, ஆராய்ச்சி, அரசுக் கொள்கை. என்னைக் கேட்டா இதுல எதுவும் எதுக்கும் மேல இல்ல, கேள்வியைப் பொறுத்துதான். வயசு என்னன்னா பேப்பர், ஏன் இந்த அவசரம்னா அம்மா, அவளுக்கு என்ன வேணும்னா அவ மட்டும்தான்.

சரி வேலைக்கு வரேன். ஆரம்பச் சம்பளம் கம்மிதான், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல வர்ற போஸ்டிங் பெரும்பாலும் கான்ட்ராக்ட், இதை மறைக்க விரும்பல. சீக்கிரம் செட்டில் ஆகணும்னா எச்.ஆர் பக்கம் போறவங்க நிறைய, பெரிய ஃபேக்டரில தொழிலாளர் நலனைப் பாக்க வெல்ஃபேர் ஆபீசர் இருக்கணும்னு சட்டமே இருக்கு. மனநலம் பிடிச்சா எம்.எஸ்.டபிள்யூ மட்டும் பத்தாது, 2017 மனநலச் சட்டப்படி சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்னா அதுல எம்.ஃபிலும் வேணும். காலேஜுக்கு மும்பை டிஸ் (டாட்டா இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்) 1936-ல இருந்து இருக்கு, சென்னைல எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-ல இருந்து. பக்கத்துல சேக்குறதா இருந்தாலும் பேரைப் பாக்காதீங்க, வாரத்துக்கு எத்தனை நாள் ஃபீல்ட் வொர்க், பொண்ணு எழுதிட்டு வர்ற ரிப்போர்ட்டை யாராவது உக்காந்து படிச்சுத் திருத்துறாங்களா, இந்த ரெண்டை மட்டும் கேளுங்க. பதில் சொல்ல முழிச்சாங்கன்னா எந்திரிச்சு வந்துருங்க.

தனியா வீடு வீடா அனுப்புவாங்களான்னு கேட்டிருந்தீங்க, நல்ல இடத்துல ரெண்டு பேராத்தான் அனுப்புவாங்க, அதையும் காலேஜ்லயே கேட்டுக்கோங்க. அப்புறம் அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு மாசம் பாப்பாவை ஏதாவது ஒரு இடத்துல வாலண்டியரா போய் உக்காரச் சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஃப்ரீ, கால் பண்ணச் சொல்லுங்க, ஆனா அவளையே பேசச் சொல்லுங்க அக்கா, நீங்க ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துல உக்காராதீங்க.