இரவுப் படம் ஏன் கலங்குகிறது?

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்து லைட்டுகள் வாவித் தண்ணீரில் விழுவதை இரவில் எடுக்கப் பார்க்கிறேன். லைட் எல்லாம் கோடு கோடாக இழுபடுகிறது, பிளாஷ் போட்டால் ஒரே கறுப்பு. கடையில் விலை கூடின லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– கல்லடி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. லைட் இழுபடுகிறது என்றால் கமரா ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் போதிய ஒளி சேர ஷட்டர் (கமராவுக்குள் ஒளியை விடும் கதவு) அரைச் செக்கன், ஒரு செக்கன் என்று திறந்திருக்கும், அத்தனை நேரம் வெறுங்கையால் அசையாமல் பிடிப்பது மிகக் கஷ்டம். பிளாஷ் வெளிச்சம் சில மீற்றரோடு முடிந்துவிடும், அக்கரையை அது எங்கே தொடும்? பிளாஷை நிறுத்திவிடுங்கள்.

அந்தக் காசில் ஒரு ட்ரைபொட் (மூன்று கால் தாங்கி) வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் துணிப்பையில் கொஞ்சம் அரிசி போட்டுக் கரையோரச் சுவரில் வைத்து அதன்மேல் கமராவை அமர்த்துங்கள், நன்றாகவே நிற்கும். பாலத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள், பஸ் ஒன்று போனாலே அதிரும், அந்த அதிர்வு படத்தில் வந்துவிடும். ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு, எண் கூடினால் படம் வெளிச்சமாகும்) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் ஒளி கூட வரும்) 8, ஷட்டர் 8 செக்கன் என்று தொடங்குங்கள், இருட்டாக வந்தால் 15 செக்கன். பட்டனை அழுத்தும் விரலே கமராவை ஆட்டும், அதனால் 2 செக்கன் டைமர் போடுங்கள். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் ட்ரைபொட்டில் அதை அணைத்துவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்து படம் கலங்கினால் கோளாறு ஃபோகஸில். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். கையால் ஃபோகஸ் செய்யும் மனுவலுக்கு மாற்றி, திரையில் தூரத்து லைட் ஒன்றைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். ஊதிப்போய்த் தெரியும் லைட் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும், இன்னும் திருப்பினால் மறுபடி ஊதும். மிகச் சின்னதாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்துங்கள், பிறகு வளையத்தில் கை வைக்கவே கூடாது. வளையத்தைக் கடைசி வரை திருப்பினால் சரி என்று சிலர் சொல்வார்கள், பல லென்ஸ்களில் அது ஃபோகஸைத் தாண்டிப் போய்விடும்.

கடற்காற்று வேறு லென்ஸில் உப்புப் படிய வைக்கும், லைட்டைச் சுற்றிப் புகை மாதிரித் தெரிவது பலமுறை அதனால்தான். எடுக்குமுன் துடையுங்கள். நடு இரவு வரை காத்திருக்கவும் தேவையில்லை, பொழுது பட்டு அரை மணித்தியாலத்துக்குள் வானம் நீலமாக இருக்கும்போது எடுத்தால்தான் வாவி அழகாக வரும் என்பது என் எண்ணம்.

கேள்வி: கோயில் திருவிழாவில் இரவு சுவாமி வீதி வலம் வருவதை ட்ரைபொட் வைத்தே எடுத்தேன். கோபுரம் தெளிவு, முகங்கள் மட்டும் கலங்கல். ஏன்?
– திருக்கோவில் வாசகி

பதில்: தங்கச்சி, ட்ரைபொட் கமராவைத்தான் நிறுத்தும், நடந்து வரும் சனத்தை நிறுத்தாது. இங்கே ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும், 125இல் ஒரு பங்கு செக்கன் வையுங்கள். அதற்காக ஐஎஸ்ஓவை 3200, 6400 வரை தயங்காமல் கூட்டலாம், புள்ளி புள்ளியாக வந்தாலும் முகம் தெரியும். கமராவோடு வந்த லென்ஸ் என்றால் ஸூம் பண்ணாதீர்கள், ஸூம் பண்ணப் பண்ண உள்ளே வரும் ஒளி குறையும், கிட்டப் போய் எடுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கச் சொல்வேன், விலையும் மற்றப் பல லென்ஸ்களை விடக் குறைவு. சுவாமி தூக்கி வருபவர்கள் தீபாராதனைக்கு நிற்பார்கள் அல்லவா, அப்போது எடுங்கள். பிளாஷ் மட்டும் வேண்டாம், தீபத்தின் நிறம் முழுக்கப் போய்விடும்.