அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 36. மலேசியாவில் கெடா, பாடாங் செராய்க்காரி. என் கணவர் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். கூலிம் ஹைடெக் பார்க்கில் ஓர் அமெரிக்கக் கம்பெனி வேலையாக இரண்டு வருடத்துக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு, உள்ளூர் கம்பெனிக்கு மாறி இங்கேயே தங்கிவிட்டார். ஆறு வருடமாகிறது. மூன்று வயதில் மகன். மனைவியாக என்னை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள அவர் போட்ட ஐ-130 மனு பாஸாகிவிட்டது. இப்போது அங்குள்ள தேசிய விசா மையம் ஐ-864 பாரத்தைக் கேட்கிறது. அதில் ‘டொமிசைல் (நிரந்தர வசிப்பிடம்) எந்த நாடு’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். டெக்சஸில் இருக்கும் அவருடைய அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக ஓர் ஏஜண்டு சொல்கிறார். 8,000 மலேசிய வெள்ளி கேட்கிறார். கணவர் மூன்று வருடமாக அமெரிக்காவில் வரிக்கணக்குக் காட்டவில்லை. என்னை விட்டால் அம்மாவுக்கு ஆள் இல்லை. கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வருடம் இங்கேயே இருந்துவிட்டு அப்புறம் போகலாமா?
— பெயர் வேண்டாம், பாடாங் செராய்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 8,000 வெள்ளியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் கட்டவேண்டிய அரசாங்கக் கட்டணம் விசா மனுவுக்கு 325 டாலர், ஐ-864க்கு 120, விசா கைக்கு வந்தபின் கார்டு அடிக்க 235. மருத்துவச் சோதனைச் செலவு தனி. பாரங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஐ-130ஐ நீங்களே போட்டுப் பாஸாக்கியவர்கள், இதற்கு ஏன் தரகர்?

அதைவிடப் பெரிய விஷயம், அவர் சொல்லும் யோசனையே தப்பு. அண்ணன் கையெழுத்து வருமானக் குறையைத்தான் அடைக்கும். ஐ-864 என்பது ‘இவளுக்குச் சோறு போட என்னால் முடியும்’ என்று அமெரிக்க அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். அவர்கள் வைத்திருக்கும் வறுமைக் கோட்டில் 125 விழுக்காடு வருமானம் காட்டவேண்டும். கணவர், நீங்கள், பையன் என மூன்று பேருக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அது 33,312 டாலர். கணவரின் கூலிம் சம்பளம் எவ்வளவு பெரிதானாலும், அங்கே போனபின் அதே வேலையிலிருந்து அது தொடர்ந்து வராது என்றால் கணக்கில் சேராது. அங்கே அண்ணன் உதவலாம். அல்லது சேமிப்பைக் காட்டலாம். குடிமகனின் மனைவிக்கு, குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து இருந்தால் சரி.

ஆனால் டொமிசைல் என்பது கணவரின் தலையில் விழும் கேள்வி. ‘உன் வீடு எந்த நாட்டில்’ என்று கேட்கிறார்கள். மனு போட்டவர் அவர். அவருக்கு அங்கே வீடு இல்லையென்றால், பத்து அண்ணன்கள் வந்து கையெழுத்துப் போட்டாலும் பத்திரம் நிற்காது.

வெளிநாட்டில் இருப்பதாலேயே டொமிசைல் போய்விடும் என்று பொருளில்லை. அமெரிக்கக் கம்பெனி தன் வெளிநாட்டு வாணிபத்துக்காகத் தற்காலிகமாக அனுப்பிவைத்தவருக்கு வீடு இன்னும் அங்கேதான் என்று வாதாட இடமுண்டு. உங்கள் கணவர் வந்த முதல் இரண்டு வருடத்தை அப்படிச் சொல்லலாம். உள்ளூர் கம்பெனிக்கு மாறிய அன்றே அந்தக் கதவு சாத்திக்கொண்டது. இப்போது மிச்சமிருக்கும் வழி, திரும்பிப் போகப் போகிறார் என்பதைக் காகிதத்தில் காட்டுவது. நீங்கள் அங்கே இறங்கும் நாளிலோ அதற்கு முன்போ அவர் அங்கே குடியேறிவிடுவார் என்று அதிகாரி நம்பவேண்டும்.

எதைக் காட்டுவது? ‘நாங்கள் அமெரிக்கா போக ஆசைப்படுகிறோம்’ என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசைக்கு அங்கே மதிப்பில்லை. வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள், வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு, அங்குள்ள வங்கிக் கணக்கு, இங்கிருந்து அனுப்பிய பணம், வெளிநாட்டிலிருந்தபடியே போட்ட ஓட்டு, வாடகை ஒப்பந்தம் என்று தேதி போட்ட காகிதங்கள் வேண்டும். அண்ணன் வீட்டில்தான் முதலில் தங்கப் போகிறீர்கள் என்றால், ‘என் வீட்டில் தங்கலாம்’ என்று அவர் எழுதித் தரட்டும். பாருங்கள், அண்ணனுக்கும் வேலை வந்துவிட்டது. எல்லாவற்றையும் விடப் பலமான சாட்சி, கணவர் இரண்டு மூன்று மாதம் முன்னால் கிளம்பிப் போய் வேலையில் சேர்ந்துவிடுவது. பிரிந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அதோடு டொமிசைல் பிரச்சினையும் சம்பளப் பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

வரிக்கு வருகிறேன். ‘இங்கே மலேசிய வரி வாரியமான எல்எச்டிஎன்னுக்குத்தான் கட்டுகிறோமே’ என்று உங்கள் கணவர் சொல்லியிருப்பார். அமெரிக்கக் குடிமகன் உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும், வருமானம் அவர்கள் வைத்த அளவைத் தாண்டினால், அங்கே கணக்குக் காட்டவேண்டும். வெளிநாட்டு உழைப்பு வருமானத்துக்கு விலக்கு இருப்பதால் பலருக்குக் கட்டவேண்டிய வரி பூஜ்யமாகிவிடும், ஆனால் கணக்கே காட்டாமல் விட முடியாது. ஐ-864ஓடு கடைசி வருடக் கணக்கைக் கட்டாயம் இணைக்கவேண்டும். தெரியாமல் விட்டவர்களுக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கடைசி மூன்று வருடக் கணக்கும், வெளிநாட்டு வங்கி இருப்பு மொத்தமாக 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதற்கான ஆறு வருட அறிக்கையும் கொடுத்தால் அபராதம் இல்லாமல் சரிசெய்யலாம். பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்றால் இந்த இடத்தில், அமெரிக்க வரி தெரிந்த கணக்காளருக்குச் செலவழியுங்கள்.

மகனுக்கு விசா தேவைப்படாமல் போகலாம். அவன் பிறப்பதற்கு முன் தகப்பனார் அமெரிக்காவில் மொத்தம் 5 ஆண்டு, அதில் 2 ஆண்டாவது 14 வயதுக்குப் பின், இருந்திருந்தால் அவன் பிறவியிலேயே அமெரிக்கக் குடிமகன். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தூதரகத்தில் அவன் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுக்கவேண்டும். இதையும் டொமிசைலுக்குக் காட்டும் காகிதங்களோடு சேர்த்துக்கொள்ளலாம். இரட்டைக் குடியுரிமையை மலேசியா ஏற்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இருவரும் பேசி முடிவெடுங்கள்.

உங்கள் பக்கத்துக் காகிதங்களில் எனக்கு ஒரே பயம், பெயர். தோட்டத்தில் பிறந்த நம் தலைமுறைக்கு, கேட்டவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் சூராட் பெரானா என்ற பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுதினார்கள். என் அம்மாவின் பெயர் என் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, தம்பியினதில் ஒரு மாதிரி, அம்மாவின் ஐசியில் (அடையாள அட்டை) வேறு மாதிரி. தம்பியின் பயணத்துக்காக எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தபோது, மூன்று பெண்கள் எங்களைப் பெற்ற மாதிரி இருந்தது. இன்றைக்கே உங்கள் சூராட் பெரானா, ஐசி, பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். மாறியிருந்தால் பதிவிலாகாவில் கேளுங்கள். திருத்த முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஒரு பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தேதி கேட்கும் இடத்தில் கோயிலில் தாலி கட்டிய நாள் வேறு, பதிந்த நாள் வேறு என்றால், பதிவுப் பத்திரத்திலுள்ள நாளைத்தான் எழுதவேண்டும். மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் நன்னடத்தைச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள். 16 வயதுக்குப் பிறகு சிங்கப்பூர் மாதிரி வேறு நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் போலீஸ் சான்றிதழ் வேண்டும்.

சரி, அம்மா. கடிதத்தில் கடைசி மூன்று வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முழுக் கடிதமும் அதற்காக எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது. கிரீன் கார்டை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, தங்கச்சி. விசா கிடைத்தால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் அங்கே போய் இறங்கவேண்டும். இறங்கியபின் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டைக் காட்டித் திரும்ப உள்ளே போக முடியாது. மறுநுழைவு அனுமதி என்று ஒன்று உண்டு, பொதுவாக இரண்டு வருடம் வரை செல்லும், ஆனால் அங்கே இருக்கும்போதுதான் மனு போடவேண்டும். அது குடியேறியவருக்கு ஓர் அவசரம் வந்தால் உதவும். குடியேறாமலே இருக்க விரும்புகிறவர் அதை நம்பி இறங்கினால் விமான நிலையத்தில் பதில் சொல்லி மாளாது.

அதனால் தாமதிப்பதென்றால் விசாவுக்கு முன்னால் தாமதியுங்கள். தேசிய விசா மையத்தில் உங்கள் கோப்பு காத்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது தொடர்புகொண்டு உயிரோடு வைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் நீங்கள் எப்போது போனாலும் பத்து வருடக் கார்டுதான், இரண்டு வருட நிபந்தனைக் கார்டு இல்லை. அவசரப்படுத்த யாருமில்லை. அந்த ஏஜண்டைத் தவிர.

இந்த அவகாசத்தில் கணவரிடம் ஒன்று கேளுங்கள். ஆறு வருடத்தில் அவர் அங்கே ஒரு வேலைக்காவது விண்ணப்பித்தாரா? வரிக்கணக்குக் காட்டாதது மறதி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் டொமிசைல் கட்டத்தில் எழுத அவருக்கே கை வரவில்லை என்றால், அங்கே போக அவருக்கும் மனம் வரவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்கா போகும் பேச்சை முதலில் எடுத்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்குப் பாடாங் செராய் பிடித்துப்போயிருந்தால், உங்களுக்கு அம்மாவை விட மனமில்லையென்றால், யாருக்காக இந்தப் பாரத்தை நிரப்புகிறீர்கள்?

அவர் ‘போவோம்’ என்றால், எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். வீட்டை விற்காதீர்கள், வேலையை விடாதீர்கள், விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வரும்வரை டிக்கெட்டும் எடுக்காதீர்கள். அம்மாவை யார் பார்ப்பது என்பதை அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவிடமே கேளுங்கள்.