தண்ணி வந்துதா, வந்துடுச்சா?

இந்த மாதம் தபாலிலும் வாட்ஸப்பிலும் வந்ததில் பாதி, ஆங்கில வினைச்சொல் பற்றிய கேள்விகள்தான். அதில் திருவாரூரிலிருந்து வந்த ஒன்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது பாட்டுக்கு நீண்டுவிட்டது. சரி, மற்றதையும் அதோடு ஒட்டிய கேள்விகளாகவே பொறுக்கிக்கொண்டேன். விண்ணப்பக் கடிதம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், நான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இப்போது ரஷ்ய மொழி பேசும் ஆறு பேர் என்னிடம் படிக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து வாங்குகிறார்கள். பேசச் சொன்னால் வினைச்சொல் எல்லாம் தாறுமாறு. வேறு என்ன பயிற்சி கொடுக்கலாம்? (வாசகி, திருவாரூர்)

பதில்: முதலில் அந்தக் கோடிட்ட இடத்தை ஒரு மாதத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள் அம்மா. அதில் 'எஸ்டர்டே' என்று பார்த்ததும் 'வென்ட்' போடவும் 'சின்ஸ்' என்று பார்த்ததும் 'ஹேவ்' போடவும் கண் பழகிவிடுகிறது, வாய் பழகுவதில்லை. பேசும்போது யாரும் நமக்குக் கோடு போட்டு இடம் விட்டு வைப்பதில்லையே.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் தஞ்சாவூருக்கு வீணை கற்றுக்கொள்ள வந்த ஒரு ரஷ்யப் பெண்மணிக்கு சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். ஜூன் மாதக் கடைசி. மேட்டூரில் வழக்கம்போல 12ஆம் தேதி திறந்து, பிறகு கல்லணையும் திறந்து, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயில் நுரையும் குப்பையுமாகத் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. பாலத்தோரம் டீக்கடையில் நின்றபடி அந்த அம்மா கேட்டார்: "வாட்டர் ஹேஸ் கம் எஸ்டர்டே?" டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல், "எஸ் மேடம், வாட்டர் ஹேஸ் கம் எஸ்டர்டே" என்றார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. நடுவில் நான் ஒருத்தன்தான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒருவர் ரஷ்ய மொழியிலிருந்து வருகிறார், இன்னொருவர் தமிழிலிருந்து வருகிறார், வழுக்கி விழுந்த படி மட்டும் ஒன்றேதான். ரஷ்ய மொழியில் பெரும்பாலான வினைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். 'பிஸால்' என்றால் எழுதினான், எழுதிக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு எழுத்தை ஒட்டி 'நப்பிஸால்' என்றால் எழுதி முடித்துவிட்டான். கடந்த காலத்துக்கு இந்த இரண்டு கட்டுதான். ரோட், வாஸ் ரைட்டிங், ஹேஸ் ரிட்டன், ஹேட் ரிட்டன் என்று ஆங்கிலம் விரிக்கிற கடையெல்லாம் அங்கே கிடையாது. அதனால் உங்கள் மாணவர், வேலை முடிந்துவிட்டது என்று மனதில் பட்டவுடனே 'பெர்ஃபெக்ட்' என்று பெயர் போட்ட பெட்டியைத் திறந்து 'ஹேஸ்' எடுத்துவிடுகிறார். நம் 'விட்டது'வும் அதே ஜாதிதான். "நேத்தே தண்ணி வந்துடுச்சு" என்பது தமிழில் சுத்தமான வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் டீக்கடை வாக்கியம் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வேலை முடிந்ததா என்பது பிரச்சினையே இல்லை. அது இப்போதைக்குச் சேர்ந்த செய்தியா, இல்லை நாள் குறித்துப் பின்னால் தள்ளிவிட்ட செய்தியா என்பதுதான் கணக்கு. 'எஸ்டர்டே' வந்தால் 'ஹேஸ்' வெளியே போக வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. "தஞ்சாவூருக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்க ஆங்கிலத்தில் "ஹேவ் யூ பீன் டு தஞ்சாவூர்?" என்போம். ரஷ்யர் இந்த இடத்தில் முடிந்த வினையைப் போடமாட்டார், அந்த 'பிஸால்' வகையைத்தான் போடுவார். அதனால் அவர் வாயில் "வேர் யூ இன் தஞ்சாவூர்?" என்று வரும். கேட்பவர் எப்போது, எந்தத் தேதியில் என்று குழம்புவார். இங்கே நமக்கு அதிர்ஷ்டம், 'போயிருக்கேன்', 'படிச்சிருக்கேன்' என்கிற நம் 'இருக்கு' ஆங்கில பெர்ஃபெக்ட்டுக்குப் பக்கத்து வீடு. ('நேத்து ராத்திரி யாரோ வந்திருக்காங்க' என்று தடயம் பார்த்துச் சொல்வது வேறு கதை, அதை இப்போது கிளற வேண்டாம்.) ஆக, பாடம் நடத்தும்போது உங்களுக்கே குழப்பம் வந்தால், அந்த வாக்கியம் தமிழில் 'விட்டது'வா, 'இருக்கிறது'வா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். பேராவூரணிப் பக்கம் கடைமடையில் இருக்கும் சொந்தக்காரருக்கு போன் போட்டால் நாம் என்ன கேட்போம்? தண்ணி வந்துடுச்சா? வந்துடுச்சு என்றால், எப்ப வந்துச்சு? அவ்வளவுதான், இந்த இரண்டு கேள்விதான் பயிற்சி. "ஹேஸ் தி வாட்டர் ரீச்ட் யூ?" "எஸ், இட் ஹேஸ்." "வென் டிட் இட் கம்?" "இட் கேம் ஆன் டியூஸ்டே நைட்." முதல் கேள்வியில் நாள் இல்லை, அதனால் ஹேஸ். இரண்டாவது நாளையே கேட்கிறது, அதனால் டிட். உங்கள் மாணவர்களுக்கு நம் வாய்க்கால் எதற்கு? அவர்கள் நாட்டில் பல ஆறுகள் குளிர்காலத்தில் உறைந்து, வசந்தத்தில் பனி பாளம் பாளமாக உடைந்து மிதந்து போகும். ஆற்றைப் பார்க்கக் கரைக்கு ஆள் வருவது நம் ஊரில் மட்டுமா என்ன. "ஹேஸ் தி ஐஸ் ப்ரோக்கன்?" "வென் டிட் இட் ப்ரேக்?" என்று அதை வைத்தே ஆரம்பியுங்கள். அப்புறம் பார்சல், பரீட்சை முடிவு, வாடகை என்று அவரவர் வாழ்க்கைக்கு இறக்குங்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம், வினை மட்டும் மாற வேண்டும், கேள்வி ஜோடி மாறக் கூடாது. அந்தப் பத்து நிமிஷத்தில் 'எ', 'தி' எல்லாம் விட்டுப்போகும், ரஷ்ய மொழியில் அவை கிடையாது. காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு தப்பைத்தான் திருத்த வேண்டும், இல்லையென்றால் ஆள் வாயே திறக்கமாட்டார்.

'வாஸ் ரைட்டிங்' கதை சுலபம். "நான் சமைத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது" என்பதில் முதல் வினை அவர்களுடைய 'பிஸால்' வகை, அதாவது வேலை முடியாத வினை, இரண்டாவது முடிந்த வினை, அப்படியே பொருந்தும். தைரியம் வரட்டும் என்று இதை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தினசரிப் பழக்கத்துக்கும் அவர்கள் முடியாத வினையைத்தான் போடுவார்கள், அதனால் "எவ்ரி டே ஐ வாஸ் கோயிங் டு ஸ்கூல்" என்பார்கள். 'வென்ட்' போதும் என்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: என் மகன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறான். ஹாஸ்டலில் ரஷ்யப் பையன்கள் இவனிடம் ஆங்கிலம் பழகுகிறார்களாம். "ஐ ஹங்ரி", "ஷீ மை சிஸ்டர்" என்கிறார்களாம். அவ்வளவு பெரிய நாட்டில் இஸ், ஆம், ஆர் கூடவா வராது? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: "நான் டாக்டர்" என்பதில் 'இஸ்' எங்கே இருக்கிறது சொல்லுங்கள்? ரஷ்யரும் "யா வ்ராச்" என்பார். யா என்றால் நான், வ்ராச் என்றால் டாக்டர், முடிந்தது வாக்கியம். நிகழ்காலத்தில் அந்த வினை அவர்களுக்குத் தேவையே இல்லை, நமக்கும்தான். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், போனில் இருக்கும் குடும்பப் போட்டோவைக் காட்டி ஒவ்வொருவராக அறிமுகம் செய்யச் சொல்லட்டும்: திஸ் இஸ் மை அங்கிள், ஹி இஸ் எ டிரைவர். ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகிய பிறகு அடுத்த கூத்து வரும், எல்லா இடத்திலும் 'ஆம்' சேர்த்து "ஐ யாம் அக்ரீ", "ஐ யாம் லைக் டீ" என்பார்கள். அதுவும் நல்ல அறிகுறிதான், பயப்பட வேண்டாம். கேள்வி கேட்கும்போது 'டு யூ லைக்' என்பதில் முதலில் வரும் 'டு' விட்டுப்போவதும் இதே மாதிரிதான், அவர்கள் குரலை ஏற்றியே கேள்வி கேட்டுவிடுவார்கள்.

கேள்வி: நாமே "ஐ யாம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" கோஷ்டி. ரஷ்யாக்காரனுக்கு நாம் வினைச்சொல் சொல்லித் தருவது கொஞ்சம் ஓவராக இல்லையா? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: நக்கல் நியாயமானதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "எனக்கு அண்ணன் இருக்கிறான்" என்றுதானே சொல்கிறோம், 'நான் அண்ணனை வைத்திருக்கிறேன்' என்று யாராவது சொல்வோமா? ரஷ்யரும் "உ மென்யா யெஸ்த் ப்ராத்" என்பார், என்னிடம் அண்ணன் இருக்கிறான் என்கிற கட்டு. 'ஹேவ்' என்கிற ஆளே இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி. ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன் என்பதற்கு நாம் "ஐ யாம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்போம், அவர் "ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்" என்பார். சரியானது "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவருக்கு இந்தப் பள்ளம் இருப்பதே தெரியாது, விழுந்து எழுந்தவனுக்குத்தான் எங்கே என்று காட்டத் தெரியும். நம் பக்கத்தில் லெனின், ஸ்டாலின் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை, ரஷ்ய வார்த்தை ஒன்று சொல்லுங்கள் என்றால்தான் திருதிரு என்று முழிப்பார்கள். நீங்கள் 'யா வ்ராச்'சிலிருந்து ஆரம்பிக்கலாமே.

கேள்வி: கோ, வென்ட், கான் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம் தம்பி. ஆங்கிலத்தில் ஓயாமல் புழங்கும் பி, ஹேவ், டு, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக், சீ, கம் என்கிற பன்னிரண்டும் ஒழுங்கில்லாத வினைகள்தான். முதலில் இவற்றைப் பிடி. அதையும் பஜனை மாதிரி மூன்று மூன்றாக ஒப்பிக்காதே. நான் படித்த பள்ளியில் அப்படித்தான் ஒப்பிக்க வைத்தார்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் 'சீ, சா, சீன்' சொல்வேன். ஆனால் முதல் தடவை ஒரு வெளியூர்க்காரர் பெரிய கோவிலைப் பார்த்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டபோது "ஐ சீன்" என்றுதான் வாயில் வந்தது. மேலே திருவாரூர் அம்மாவுக்குச் சொன்ன அதே இரண்டு கேள்வியை இந்தப் பன்னிரண்டையும் போட்டு உன் அறைத் தோழனிடம் கேள், அவன் உன்னிடம் கேட்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு வினை போதும்.